பை இல்லாத வெள்ளைச் சட்டை

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர்களுக்கு நான் ஒருநாளும் காசைக் கையில் கொடுப்பதில்லை. பில் வருகிற தட்டுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன். என் மகளுக்கு இது பெரிய பகிடி. "அம்மா டிப்ஸ் வைக்கிறது லஞ்சம் குடுக்கிற மாதிரி" என்பாள். அவளுக்கு உட்காரவைத்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் என் வயதுக்காரர்கள். அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்டினால் நெஞ்சு பதைத்த காலத்தைப் பார்த்தவர்கள். உங்களிடம் சொல்லலாம்.

அப்பா வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடையில் பரிமாறினார். கடையின் முகம் காலி வீதியைப் பார்த்தபடி இருந்தது. முதுகுப் பக்கத்து ஒழுங்கையில் முதலாளி எங்களுக்கு ஓர் அறை தந்திருந்தார். ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். இரவெல்லாம் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் நான் சொல்லுகிற அந்த மாதங்களில் ஒருநாள்கூடக் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்தும் நிறுத்திவிட்டாள். அறை, ஒழுங்கைக் குழாயடி, கடையின் பின்வாசல், இவ்வளவுதான் எனக்கு விட்ட உலகம். குழாயடியில் சிங்களப் பிள்ளைகளோடு நின்று நின்று எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடியது. அது ஒன்றுதான் லாபம்.

நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். அம்மா அறையில் இருந்தபடி பழைய பேப்பர்களைச் சோற்றுப் பார்சல் கட்டுகிற அளவுக்கு வெட்டுவாள். வெட்டிய கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய் சமையலறையில் கொடுப்பது என் வேலை. சமையலறைக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் கை கழுவுகிற தொட்டி இருந்தது. அதன் பக்கத்தில் நின்றால் கடை முழுக்கத் தெரியும். சாம்பார் வாசமும், ஈரத் துணி நாற்றமும், வாழைப்பழக் குலையின் வாசமும் கலந்து வருகிற அந்த மூலைதான் எனக்கு விளையாட்டுத் திடல், சினிமாத் தியேட்டர், எல்லாம்.

அப்பாவுக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்ததாகக் கேள்வி. மூன்று நேரச் சாப்பாடும் அறையும் போக, மாதாமாதம் ஒரு தொகை முதலாளியிடம் "நிற்கும்". தீபாவளிக்கு வேட்டி சேலையோடு அது கைக்கு வரும். உடைந்த கிளாசும், இடையில் வாங்கிய மருந்துச் செலவும் கழிந்து வரும்போது அது தேய்ந்து போயிருக்கும். மண்ணெண்ணெய், சவர்க்காரம், என் கொப்பி பென்சில், அம்மாவின் இழுப்புக்கு மருந்து, எல்லாவற்றையும் ஓட்டியது மேசையில் ஆட்கள் விட்டுப்போகிற சில்லறைதான். கடையில் அதற்குச் 'சந்தோசம்' என்று பெயர். பெருஞ்சீரகமும் சீனியும் போட்ட ஒரு சின்னத் தட்டில் பில் போகும். திரும்பி வரும்போது பெருஞ்சீரகத்துக்கு நடுவில் காசு கிடக்க வேண்டும். கிடக்காவிட்டால் அப்பாவின் முகம் மாறாது, நடை மட்டும் கொஞ்சம் மெதுவாகும்.

அந்தக் காசைப் போட்டுக்கொள்ள அவருக்குப் பை கிடையாது. முதலாளி வெள்ளைச் சட்டை வாங்கித் தருவார், தருவதற்கு முன்னால் பையைப் பிரித்து எடுத்துவிடுவார். மேசைக் காசு வேறு பாதையில் போய்விடக் கூடாதே. சட்டை வெளுக்க வெளுக்க, பை இருந்த இடம் மட்டும் பளிச்சென்று ஒரு சதுரமாக நெஞ்சில் நிற்கும். கிடைத்த சந்தோசத்தை முதலாளியின் கண் முன்னால், கல்லாவுக்குப் பக்கத்தில் அவரவர் பால்மா டின்னில் போட வேண்டும். அப்பாவின் டின்னில் காசு விழுகிற சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சந்தோசம் சும்மா வராது. அப்பாவிடம் இரண்டு தமிழ் இருந்தது. அறையில் "ஆமா புள்ள" என்கிற மனிதர், மேசைப் பக்கம் போனால் "ஓம் அண்ணை, இந்தா கொண்டு வாறன்" என்பார். அந்தக் காலத்தில் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள். எதிர் லொட்ஜில் தங்கி, வெளிநாட்டுக்கு ஏஜென்சிக்காரன் எப்போது கூப்பிடுவான் என்று காத்திருந்த பெடியன்கள். அப்பா அவர்களுக்குக் கேட்காமலே இரண்டாவது தரம் சாம்பார் விடுவார். பயணம் சரிவந்தவன் நோட்டு வைப்பான். சரிவராதவனும் நோட்டு வைப்பான், வெட்கத்தில் கொஞ்சம் கூடவே வைப்பான். "கடைத் தமிழ வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்க" என்று அம்மா கேலி பண்ணுவாள். அப்பா செருப்பைக் கழற்றுகிற மாதிரி வாயைத் துடைத்துக் காட்டுவார்.

இனி சார்ஜன்ட். பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்காரர், சிங்களவர், வயிறு தள்ளிய மனிதர். பின்னேரம் தேத்தண்ணி நேரத்துக்கு வந்து அப்பாவின் மூலை மேசையில்தான் உட்காருவார். நம் கடைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வடைத் தட்டை நிரப்பிக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார்கள், தின்றதற்குத்தான் கணக்கு. சார்ஜன்ட் உளுந்து வடை ரசிகர். தின்று, வீட்டுக்கு மசாலாத் தோசைப் பார்சலும் கட்டுவித்துக்கொண்டு, கல்லாவுக்குப் போய்ச் சட்டைப்பையில் கைவைப்பார். உடனே முதலாளி திருநீற்று நெற்றி சுருங்க இரண்டு கையையும் ஆட்டுவார்.

"எப்பா சார், எப்பா எப்பா!"

வேண்டாம் என்று அர்த்தம். சார்ஜன்ட் சிரித்துக்கொண்டு போய்விடுவார். அவர் போன பிறகு அந்த வடைக்கும் தோசைக்கும் உரிய காசு அப்பாவின் பால்மா டின்னில் இருந்து கல்லாவுக்குப் போகும். மேசையில் வைத்ததற்கு மேசைக்காரன் பொறுப்பு, அதுதான் கடைச் சட்டம். காசு கொடாமல் எவன் ஓடினாலும் பரிமாறினவன் தலையில்தான் விழும். பொலிஸ்காரர் ஓடவில்லை, மெதுவாக நடந்து போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மாவுக்கு இது ஆறவே ஆறாது.

"கை வீசுறது அவரு, காசு கட்டுறது நீங்களா? வாய தொறந்து சொன்னா என்னாங்க?"

"யார்கிட்ட சொல்ல? மொதலாளிகிட்டயா, சார்ஜன்ட்கிட்டயா?" என்பார் அப்பா. "வுடு புள்ள. அது நம்ம கொடை. மழ பேஞ்சா தெரியும்."

மழை பெய்தது. ஒரு காலையில் கடை திறந்து இட்லிச் சட்டி இறக்குகிற நேரத்தில் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துப் பொலிஸார் சுற்றிவளைத்தார்கள். பெண்களை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் வரிசையில் நிறுத்தினார்கள். அப்பாவையும், அடுப்படியில் நின்ற தோசை மாஸ்டரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அப்பா அந்தச் சட்டையோடுதான் போனார். ஏறுவதற்கு முன்னால் எங்களைப் பார்த்துக் கையைக் கொஞ்சம் உயர்த்தினார், சார்ஜன்ட் இருக்கிறார் பயப்படாதே என்கிற மாதிரி.

அம்மா ஓடிப்போய் முதலாளி முன்னால் நின்றாள். அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு, தோசைப் பார்சல் ஒன்றும் கட்டுவித்துக்கொண்டு பொலிஸுக்குப் போனார். நாங்கள் பின்வாசலில் காத்திருந்தோம். மத்தியானம் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். அவருக்குப் பின்னால் தோசை மாஸ்டர் இறங்கினார். அதற்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை.

"பிள்ளை, கோவிக்காதையும்" என்றார் முதலாளி. "உங்கடை கடையாளிலை ஒராளைத்தான் விடலாம் எண்டு சார்ஜன்ட் சொல்லிட்டார். மாஸ்டர் இல்லாட்டி அடுப்பு எரியாது. எத்தினை பேற்றை சீவியம்! பரிமாற ஆரையும் நிப்பாட்டலாம். உம்மடை மனிசனுக்கு ஒண்டும் வராது, நான் பொறுப்பு."

தோசை மாஸ்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் நெய் விட்டு முறுகலாக ஒரு தோசை சுட்டு எனக்கு அனுப்பினார். எனக்குப் பசி. நான் தின்றேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் முதலாளி இரண்டு நேரமும் சோற்றுப் பார்சல் அனுப்பினார், குறை சொல்லக் கூடாது. பொலிஸ் பக்கம் திரும்பப் போகவில்லை. ஒரு தரம் கேட்டாயிற்று, உடனே இன்னொரு தரம் கேட்டால் மரியாதை கெட்டுவிடும் என்றார். அறைக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டியது, திறந்து வைத்தால் பயமாக இருந்தது. அம்மா பேப்பர் வெட்டவில்லை, தலை வாரவில்லை. பிறகு ஒரு காலையில் எழும்பி, தலைக்கு எண்ணெய் வைத்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டினாள்.

"வா. நீதான் சிங்களத்துல சொல்லணும்."

சார்ஜன்ட் நிலைய விறாந்தையில் நின்றார். என்னைக் கடையில் கண்ட ஞாபகம் இருந்ததோ என்னவோ, "என்ன துவ?" என்றார். மகள் என்று கூப்பிட்டது எனக்குத் தைரியம் தந்தது. அம்மா சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன்.

"மாத்தயா தின்ன வடைக்கெல்லாம் எம் புருஷன்தான் காசு கட்டுனாரு. வூட்டுக்குக் கொண்டுபோன தோசைக்கும் அவருதான். எம் புள்ளைக்கு வாங்க வேண்டியத வாங்காம கட்டுனாரு. மொதலாளி ஒரு சதம் குடுக்கல."

சார்ஜன்ட் என்னைத்தான் பார்த்தார். "அது முதலாளி தந்தது இல்லையா?"

"இல்லை மாத்தயா. அப்பாவுடைய டின்னில் இருந்து எடுப்பார்கள்."

பொலிஸ்காரர் ஒருவருக்கு முகம் சிவந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். தான் ஏழையிடம் ஓசியில் தின்கிறவன் இல்லை என்று என்னிடம், ஒரு சின்னப் பெண்ணிடம், இரண்டு தரம் சொன்னார். முதலாளி தந்த வடைக்குப் பதிலாக மாஸ்டரை விட்டு உபகாரம் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன் என்றார். வீட்டுக்குப் போங்கள் என்றார்.

அடுத்த நாள் அப்பா வந்துவிட்டார். இளைத்து, தாடியோடு, சட்டை அழுக்காக, ஆனால் வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்லுவேன்! அம்மா சிரித்து அழுது, மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி அவர் தலையில் ஊற்றினாள். ஒரு நிபந்தனை இருந்தது. இதே விலாசத்தில், இதே வேலையில் இருக்க வேண்டும், கிழமைக்கு ஒரு தரம் நிலையத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அது எங்களுக்குப் பெரிதாகவே தெரியவில்லை. பொலிஸ் நிலையத்தில் சொன்னதையெல்லாம் அம்மா பெருமையோடு சொன்னாள். அப்பா மட்டும் துவாயைத் தலையில் வைத்தபடி, "சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

அந்தக் கிழமையே எதிர் லொட்ஜையும் சுற்றிவளைத்தார்கள். அப்பாவின் மேசையில் வழக்கமாகச் சாப்பிடுகிற பெடியன்கள் சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைக்குள் பேச்சுக் குறைந்திருந்தது. ஆட்கள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானம், சோற்றுக்கு ஆட்கள் நிரம்பி இருந்த நேரம், சார்ஜன்ட் வந்தார். அவர் அந்த நேரத்துக்கு வருகிறவர் இல்லை. நான் பேப்பர்க் கட்டோடு தொட்டியடியில் நின்றேன். வடை தின்றார், தேத்தண்ணி குடித்தார், கல்லாவுக்குப் போனார். முதலாளி கையை ஆட்டினார். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. காசை எண்ணி மேசையில் வைத்தார். முதலாளியின் கை ஆட்டினபடியே அந்தரத்தில் நின்றது. எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது.

பிறகு அவர் வெளியே போகாமல் திரும்பி அப்பாவிடம் வந்தார். ஒரு நோட்டை மடித்து அப்பாவின் நெஞ்சுக்குக் கொண்டுபோனார். அங்கே பை இல்லை. அந்த வெள்ளைச் சதுரத்தை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து விரித்து, நோட்டை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார். தோளில் தட்டினார்.

"ஹொந்த மினிஹா" என்றார், கடை முழுக்கக் கேட்கிற குரலில். நல்ல மனுஷன் என்று.

காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. உள்ளே தோசைக் கல்லில் மாஸ்டர் தெளித்த தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்டது. லொட்ஜைச் சுற்றிவளைத்த கிழமையில், அங்கே தங்கி இருக்கிறவர்களுக்குச் சோறு போடுகிற ஆளுக்குப் பொலிஸ்காரர் எல்லார் முன்னாலும் காசு கொடுத்துத் தோளில் தட்டினால், அதை வேறு எப்படி வாசிப்பது? உங்களுக்கும் எனக்கும் அன்றைக்கு அந்தக் கடையில் இடம் கிடைத்திருந்தால் நாமும் அப்படித்தான் வாசித்திருப்போம். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. மூடின கையைத் திறக்காமல், காசை டின்னில் போடாமலும், அப்படியே நின்றார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். அடுத்த நாளில் இருந்து ஆட்கள் மற்ற மேசை காலியாகும்வரை சுவர் ஓரத்தில் நின்றார்கள். தினமும் அப்பாவிடம் சாப்பிடுகிற ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர் இருந்தார். விபூதி மணக்கிற, அன்பான மனிதர். அப்பா கதிரையை இழுத்து, "வாங்கோ ஐயா" என்றார். "இல்லைத் தம்பி, அதிலை காத்து வாறேல்லை" என்று சொல்லிவிட்டு வாசலடி மேசைக்குப் போனார். அப்பாவின் மேசைக்கு நேர் மேலேதான் காற்றாடி இருந்தது.

தெரியாமல் வந்து உட்கார்ந்த ஒன்றிரண்டு பேரும் அவசரமாகத் தின்றுவிட்டுப் போனார்கள். பில் தட்டு பெருஞ்சீரகத்தோடு மட்டும் திரும்பி வந்தது. அப்பா கேட்காமல் சாம்பார் விட்டால் தட்டைக் கையால் மறைத்தார்கள். "ஓம் அண்ணை" என்று அவர் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பாவுக்கு அந்தத் தமிழே வாயில் நிற்காமல் போய்விட்டது.

முதலாளிக்கு அவரை வைத்திருக்கவும் விருப்பம் இல்லை, அனுப்பவும் பயம். "சனம் பயப்பிடுது. நான் என்ன செய்ய? நிப்பாட்டினால் சார்ஜன்ட் என்னைக் கேப்பார்" என்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்குப் பரிமாற ஆள் தேவை என்று தோசை மாஸ்டர் வந்து சொன்னார். ஏதோ செய்ய வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும். அப்பா கையெழுத்து வைக்கப் போனபோது விலாசம் மாற்றலாமா என்று கேட்டார். அங்கே சார்ஜன்ட்தான் பதில் சொன்னாராம். வேறு இடம் போனால் என் கையில் இல்லை, இங்கேயே இரு, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. உண்மையாகவே அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார்.

அம்மா தான் பொலிஸுக்குப் போனதைப் பற்றி அதன் பிறகு ஒருநாளும் பேசவில்லை. பேப்பரை மட்டும் மளமளவென்று வெட்டுவாள். நான் பக்கத்தில் இருந்து கடலின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முதலாளி மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சார்ஜன்ட் மேல் கோபப்பட எத்தனையோ தரம் முயற்சி செய்திருக்கிறேன், வரவில்லை. கடன்பட்டதைத் திருப்பிக் கொடுக்க நினைத்த மனிதர் அவர்.

திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பின்னேரங்களில் வருவார், வடை தின்பார், கல்லாவில் காசு கட்டுவார், அப்பாவின் கையில் நோட்டை வைத்து விரல்களை மூடுவார். அந்த மாதங்களில் எங்கள் அறையில் எரிந்த மண்ணெண்ணெயும் அம்மாவின் மருந்தும் அவர் காசுதான்.

"வாங்காம இருங்களேன்" என்றாள் அம்மா ஒருநாள்.

"வாங்காட்டி ஏன்னு கேப்பாரு" என்றார் அப்பா. "என்னா சொல்லட்டும்?"

ஒரு பின்னேரம் நான் தொட்டியடியில் நின்றபோது சார்ஜன்ட் வடையைப் பிய்த்தபடி சுற்றிப் பார்த்தார். வாசல் பக்கத்து மேசைகளில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்பாவின் பக்கத்தில் கழுவித் துடைத்த தண்ணீர்க் கிளாசுகள் கவிழ்த்தபடி அடுக்கி இருந்தன.

"மல்லி, ஏன் உன் மேசைகளில் யாரும் இல்லை?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

அப்பா என் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இன்றைக்குக் கோயிலில் திருவிழா, சார். என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அங்கே."

சார்ஜன்ட் அந்த வெறும் கதிரைகளை மறுபடி பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. "பவ்" என்றார். பாவம் என்று அர்த்தம். சட்டைப்பைக்குள் கைவிட்டு, வழக்கமான நோட்டோடு இன்னொரு நோட்டையும் சேர்த்து எடுத்தார்.

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். சார்ஜன்ட் போனதும் தட்டை எடுத்துவிட்டு, அடுத்து வருகிறவருக்காக மேசையைத் துடைத்தார்.